தேனடைத் தாள்களில் விளிம்போட்டம்: பொருள் விளக்கமும் சொல்லாய்வும்

கலைச்சொல்லாக்கம் என்பது சொல்லில் தொடங்கிப் பொருளுக்குச் செல்வதன்று. பொருளில் தொடங்கிச் சொல்லுக்கு வருவதாகும். இம்முறை தலைகீழாகும்பொழுது இலக்கண வழுவற்ற சொல் கிடைத்தல் கூடும். ஆயினும் அச்சொல் கற்பவனைப் பொருளினின்றும் விலக்கி வேறோரிடத்திற் கொண்டு நிறுத்தும். இதற்குச் சான்றாக அண்மைக்கால இயற்பியலிலிருந்து ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அணுக்கள் தேனடைபோல் அறுகோணக் கண்ணிகளாக அமைந்த மெல்லிய தாள்கள் சிலவற்றில், உட்பகுதி மின்னைக் கடத்தாது நிற்க, ஓரம் மட்டும் கடத்துகின்ற நிலையொன்று கண்டறியப்பட்டுள்ளது. அதனை மொழிபெயர்க்கப் புகுவார்க்கு முதலில் தோன்றும் சொல் ‘விளிம்புநிலை’ என்பதே. இலக்கியத் திறனாய்வு பயிலும் நமக்கோ அச்சொல் வேறு பொருளிற் பழகியது. சமுதாயத்தின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டு வலியிழந்து நிற்கும் மக்களையே நாம் அச்சொல்லாற் குறிக்கின்றோம். இயற்பியல் கூறுவது இதற்கு நேர்மாறானது. அங்கே செயலற்றது நடு, செயலுடையது ஓரம். ஒரே சொல் இருதுறையில் எதிரெதிர்ப் பொருள் தருமாயின் அதனை ஏற்கலாமா என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை கூறுமுன் பொருள் யாதெனத் தெளிதல் வேண்டும்.

1. தேனடை அமைப்பு

திருவண்ணாமலை வட்டாரத்தினர்க்குத் தேனடை புதிதன்று. இம்மாவட்டத்துச் சவ்வாது மலைத் தேன் பெயர் பெற்றது. செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமும் இப்பகுதி மலைவளத்தைக் கூறுவதே. எனினும் அறுகோண அமைப்பின் நுட்பத்தை விளக்கத் தேனடையினும் கோலமே சிறந்த கருவியாகும்.

நம் மகளிர் இடும் புள்ளிக்கோலத்தில் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என இருவகை உண்டு. ஊடுபுள்ளியில், ஒரு வரிசைப் புள்ளிகள் முன்வரிசையின் இருபுள்ளிகளுக்கு இடையே அமையும். அவ்வாறு அமைந்த பரப்பில் ஒவ்வொரு புள்ளியையும் ஆறு புள்ளிகள் சூழ்ந்திருக்கும். இனி, மூன்றில் ஒரு புள்ளியை முறையாக நீக்கிவிட்டால், எஞ்சியவை அறுகோணங்களின் மூலைகளாக நின்று தேனடை வடிவைத் தரும். இப்பொழுது ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அண்டைப் புள்ளிகளே உள. மேலும், எஞ்சிய புள்ளிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஒரு சாராருக்கு அண்டைப் புள்ளியொன்று நேர் மேலே இருப்பின், மற்றொரு சாராருக்கு அது நேர் கீழே இருக்கும். ஒரு வகைப் புள்ளியின் அண்டையர் மூவரும் மற்ற வகையினரே. இவ்விரு வகைமையே பின்வரும் செய்திகளுக்கெல்லாம் அடிப்படை என்பதனை நினைவிற் கொள்க.

பென்சிலில் உள்ள கிராபைட்டு என்னும் கரி, இவ்வமைப்புடைய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதாகும். தாளினுள் அடுத்தடுத்த கரியணுக்களின் தொலைவு 0.142 நானோமீட்டர், தாளுக்கும் தாளுக்கும் இடையுள்ள தொலைவு ஏறத்தாழ 0.335 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடி கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டராம். ஒவ்வொரு கரியணுவும் தன் புறத்தேயுள்ள நான்கு எதிர்மின்னிகளுள் மூன்றினை அண்டையணுக்களைப் பிணைக்கச் செலவிடுகின்றது. நான்காவது தாள் முழுவதும் உலவுகின்றது. எலெக்ட்ரான் என்பதனையே ஈண்டு எதிர்மின்னி என்றோம். ஈழத்தார் அதனை இலத்திரன் என்பர்.

இவ்வாறு உலவும் எதிர்மின்னிகளை ஆராய்ந்தவருள் தமிழர் ஒருவர் முன்னிற்கின்றார். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, இராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்விற் பங்குகொண்ட கே. எஸ். கிருஷ்ணன் அவர்களே அவர். கிராபைட்டின் காந்தத் தன்மை தாளின் தளத்தில் ஒருவகையாகவும் அதற்குச் செங்குத்தான திசையிற் பன்மடங்கு மிகுந்தும் இருத்தலை அவர் ஆராய்ந்தார். கங்குலி என்பாருடன் இணைந்து, கிராபைட்டின் கட்டற்ற எதிர்மின்னிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1941இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தது. 1947இல் வாலஸ் என்பார் ஒற்றைத் தாளின் ஆற்றல் அமைப்பைக் கணித்தார். ஒற்றைத் தாளைத் தனியே பிரித்து ஆராயும் பேறு 2004இல் மான்செசுடரில் கைம், நோவசெலோவ் ஆகிய இருவர்க்கும் வாய்த்தது. 2010இல் அவர்கள் நோபெல் பரிசு பெற்றனர். அத்தாளே கிராபீன் எனப்படுகின்றது.

2. கடத்தலும் கடத்தாமையும்

ஒரு பொருளில் எதிர்மின்னிகள் எல்லா ஆற்றலிலும் இருத்தல் இயலாது. அவற்றுக்கு உரிய ஆற்றல்கள் பட்டைகளாக அமையும். நிரம்பிய பட்டைக்கும் அதன் மேலுள்ள வெற்றுப் பட்டைக்கும் இடையே இடைவெளி இருப்பின் அப்பொருள் மின்காப்பான். இடைவெளி இல்லையாயின் கடத்தி. கிராபீன் இவ்விரண்டிற்கும் நடுவணதாகும். அதன் இரு பட்டைகளும் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. தம்முள் வேறுபட்ட அத்தகைய தொடுபுள்ளிகள் இரண்டு. அவற்றினருகே எதிர்மின்னிகள் பொருண்மையற்றனபோல், ஒளியின் விரைவில் ஏறத்தாழ முந்நூற்றில் ஒரு பங்கு விரைவுடன் இயங்குகின்றன.

இத்தொடுபுள்ளிகளிலே இடைவெளியை உண்டாக்கும் வழி இரண்டு. முதலாவது, இருவகைப் புள்ளிகளையும் வேறுவேறு அணுக்களால் நிரப்புதல். ஒருவகையிற் போரானும் மறுவகையில் நைட்ரசனும் அமர்ந்த தேனடைத் தாள் அத்தகையது. அது சிறந்த காப்பான். இரண்டாவது வழியை 1988இல் ஹால்டேன் என்னும் ஆங்கில அறிஞர் கணித்துக் காட்டினார். அணுக்களெல்லாம் ஒன்றாகவே இருக்க, எதிர்மின்னி ஓர் அணுவிலிருந்து தன் வகையைச் சார்ந்த அடுத்த அணுவிற்குச் செல்லும்பொழுது, வலமாகச் செல்வதற்கும் இடமாகச் செல்வதற்கும் வேறுபாடு உண்டாகுமாறு செய்வதே அவ்வழி. அப்பொழுதும் இடைவெளி தோன்றும்; தாள் காப்பானாகும். ஆனால் முதல்வழிக் காப்பானும் இரண்டாம் வழிக் காப்பானும் ஒரே இனத்தன அல்ல. அவற்றை வேறுபடுத்துவது ஓர் எண்.

3. சுற்றெண்

அவ்வெண்ணை விளக்கத் திருவண்ணாமலைக் கிரிவலம் நமக்குத் துணைசெய்யும். மலையைச் சுற்றியுள்ள பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஒருவர் பெருவழியே செல்கின்றார். மற்றொருவர் மலையடியை ஒட்டிய உட்பாதையே செல்கின்றார். வேறொருவர் இடையே விலகிக் குளக்கரையிற் சற்றிருந்து மீள்கின்றார். நடந்த தொலைவு வேறு, காலம் வேறு, எனினும் புறப்பட்ட இடத்தை அடைந்தபொழுது மூவரும் சுற்றியது ஒரு சுற்றே. சுற்றுகளின் தொகை ஒன்று, இரண்டு என முழுவெண்ணாகவே இருக்கும், ஒன்றேகால் என்பதில்லை.

இனி, அப்பாதை நெடுகிலும் ஒரு கயிற்றை இட்டு இருமுனைகளையும் முடிந்துவிட்டதாகக் கொள்வோம். கயிற்றை நீட்டலாம், சுருக்கலாம், வளைக்கலாம். அது மலையைச் சூழ்ந்திருக்கும் முறை மாறாது. சுற்றெண்ணை ஒன்றிலிருந்து சுழியாக்க வேண்டுமாயின் ஒரே வழிதான் உண்டு: கயிற்றை மலையுச்சியின் மேலாக இழுத்து அப்பாற் போடவேண்டும். உச்சியைத் தீண்டாது எண்ணை மாற்றுதல் இயலாது.

தேனடைத் தாளில் சுற்றப்படுவது மண்ணிலுள்ள மலையன்று. சுற்றுவதும் எதிர்மின்னியின் நடையன்று. எதிர்மின்னியின் இயக்கநிலைகள் அனைத்தையும் ஒரு முறை முழுதும் வலம்வந்து நோக்கினால், அதன் அலைவடிவம் எத்தனை முறை முறுக்குண்டு மீள்கின்றது என்பதே ஈண்டுக் கணக்கிடப்படுவது. இவ்வெண்ணைக் கணிதத்தார் செர்ன் என்னும் சீன அறிஞர் பெயரால் வழங்குவர். தமிழில் யாம் சுற்றெண் என்கின்றோம். உவமையில் மலையுச்சி என்றது, ஆற்றல் இடைவெளி முற்றும் மூடுகின்ற நிலையை. இடைவெளி மூடாத வரையில், பொருளைச் சற்றே வளைப்பினும், மாசு சிறிது கலப்பினும் சுற்றெண் மாறாது. போரான் நைட்ரசன் தாளின் சுற்றெண் சுழி. ஹால்டேன் கூறிய தாளின் சுற்றெண் ஒன்று; திசையை மாற்றிக் கொண்டால் அது குறையொன்றாகும்.

இவ்வெண்ணுக்கும் மின்கடத்தலுக்கும் உள்ள உறவை 1982இல் தவுலெசும் அவருடன் மூவரும் நிறுவினர். அதற்கு ஈராண்டு முன்னர், 1980இல், குளிர்ந்த மென்படலத்தில் வலிய காந்தப்புலத்தைச் செலுத்தி ஆராய்ந்த கிளிட்சிங், மின்தடை படிபடியாக மாறுதலையும், ஒவ்வொரு படியும் 25,812.807 ஓம் என்னும் அளவை முழுவெண்ணால் வகுத்த ஈவாக அமைதலையும் கண்டிருந்தார். பொருளின் வடிவும் மாசும் எவ்வாறிருப்பினும் அவ்வளவு பிறழாமைக்குக் காரணம் சுற்றெண் முழுவெண்ணாதலே. கிளிட்சிங் 1985இலும், தவுலெசு, ஹால்டேன், காஸ்டர்லிட்சு ஆகிய மூவரும் 2016இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

4. ஓரத்தில் ஓட்டம் உண்டாதல்

இனி நம் மையப்பொருளுக்கு வருவோம். சுற்றெண் ஒன்றாகிய தாள், ஓரிடத்தில் முடிவடைகின்றது, அதற்கப்பால் வெற்றிடம். வெற்றிடத்தின் சுற்றெண் சுழி. உள்ளே ஒன்று, வெளியே சுழி எனின், இடையில் எங்கேனும் எண் மாறியாக வேண்டும். எண் மாற வேண்டுமாயின் கயிறு மலையுச்சியைக் கடந்தாக வேண்டும். அஃதாவது ஆற்றல் இடைவெளி மூடியாக வேண்டும். இடைவெளி மூடிய இடம் மின்னைக் கடத்தும். எனவே ஓரம் கடத்தியாதல் தற்செயலன்று. அகத்தின் இயல்பால் நேரும் கட்டாயம். ஓரத்தைக் கத்தரித்து நீக்கினால், புதிய ஓரம் கடத்தும். ஓட்டம் ஓரத்தின் உடைமையன்று. அகத்தின் சுற்றெண் ஓரத்தில் வெளிப்படுதலே அது.

அவ்வோட்டத்தின் திசையும் குறிக்கத்தக்கது. சுற்றெண் ஒன்றாகிய தாளின் ஓரத்தில் எதிர்மின்னிகள் ஒருதிசையிலேயே செல்லும். வழியில் மாசணு ஒன்று நின்றால், எதிர்மின்னி அதனை வளைந்து கடந்து முன்செல்லுமேயன்றித் திரும்பாது. ஏனெனில் திரும்பிச் செல்லுதற்குரிய நிலை அவ்வோரத்தில் இல்லை. முழுநிலா நாளிற் கிரிவலப் பாதையை நிறைத்துச் செல்லும் மக்கள் வெள்ளத்தை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும் அங்கே எதிரே நடப்பவரைத் தடுப்பது மரபு. இங்கே எதிர்வழியே இல்லை. முன்கூறிய கயிற்றுவமை எண்ணை விளக்குவது. இது ஓட்டத்தை விளக்குவது. இரண்டனையும் ஒன்றாகக் கொள்ளற்க.

2005இல் கேன், மெலி என்னும் இருவரும் ஹால்டேன் கருத்தை மேலும் வளர்த்தனர். எதிர்மின்னிக்குத் தற்சுழற்சி என்னும் பண்பு உண்டு. அது மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் என இருவகைப்படும். அணுக்கருவின் மின்புலத்தில் இயங்கும்பொழுது இத்தற்சுழற்சியும் இயக்கமும் பிணைவுறும். அப்பிணைப்பினால் ஒருவகை எதிர்மின்னி ஓரத்தில் வலமாகவும் மற்றது இடமாகவும் செல்லும் என்பது அவர்தம் முடிபு. இரண்டின் சுற்றெண்களும் கூடிச் சுழியாகும். எனினும் இணைகளின் தொகை ஒற்றையா இரட்டையா என்னும் வேறுபாடு எஞ்சும். ஒற்றையாயின் ஓட்டம் நிலைக்கும். இரட்டையாயின் தம்முள் கலந்து கெடும். காந்தத் தன்மையற்ற மாசினால் இவ்வோட்டம் திரும்பாது. காந்தத் தன்மையுள்ள மாசு தற்சுழற்சியைப் புரட்டி அதனைத் திருப்பிவிடல் கூடும். ஆகவே இக்காப்பு எல்லைக்குட்பட்டது என்பதனை மறத்தலாகாது.

5. கணிப்பும் காட்சியும்

கேன், மெலி ஆகியோர் கிராபீனையே எண்ணி எழுதினர். ஆனால் கரியணு இலேசானது. அதன் பிணைப்பு மிக நொய்யது. அதனால் உண்டாகும் இடைவெளி ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் இலட்சத்தில் நான்கு பங்களவே என 2019இல் வந்த ஆய்வு அளந்து கூறிற்று. அறையின் வெப்பமோ எதிர்மின்னிக்கு ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலைத் தரும். அறுநூறு மடங்கு பெரிய அலையில் அச்சிறு இடைவெளி மூழ்கிவிடும்.

ஆதலின் ஆய்வாளர் கனத்த அணுக்களை நாடினர். பிணைப்பு அணுவெண்ணோடு விரைந்து வளர்வது. கரியின் அணுவெண் 6, சிலிக்கனுக்கு 14, செர்மானியத்திற்கு 32, பிசுமத்துக்கு 83. முதல் வெற்றி தேனடையல்லாத பொருளிற் கிடைத்தது: பாதரச டெல்லூரைடு என்னும் மென்படலத்தில், 2007இல், செருமனியின் உவூர்ட்சுபர்க்கில் மோலன்காம்பு குழுவினர் இரு ஓரங்களுக்கும் உரிய 12.9 ஆயிரம் ஓம் அளவினதாகிய தடையைக் கண்டனர், அதுவும் கடுங்குளிரில். 2017இல் அந்நகரிலேயே, சிலிக்கன் கார்பைடின் மீது பிசுமத்து அணுக்களைத் தேனடையாகப் படியவைத்து, ஏறத்தாழ 0.8 எலெக்ட்ரான் வோல்ட்டு இடைவெளியையும் ஓரநிலைகளையும் கண்டனர். இது கிராபீனின் இடைவெளியைப்போல் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு. 2023இல் நெதர்லாந்தின் துவெந்தெப் பல்கலைக்கழகத்தினர், செர்மானியத் தேனடையில் மின்புலத்தைக் கூட்டியும் குறைத்தும் இவ்வோட்டத்தை நிறுத்தவும் மீட்கவும் இயலும் எனக் காட்டினர். ஹால்டேன் உரைத்த ஒருதிசை ஓட்டம், காந்த அணுக்கள் கலந்த வேறொரு படலத்தில் 2013இல் சீனத்துச் சிங்குவாப் பல்கலைக்கழகத்தில் காணப்பட்டது.

கிராபீனின் ஓரத்தைப் பற்றியே வேறொரு செய்தியும் உண்டு. 1996இல் பூஜிட்டா முதலிய ஜப்பானிய அறிஞர், தாளை வாட்பற்போல் முனைமுனையாக அமையுமாறு வெட்டினால் ஓரத்தில் எதிர்மின்னிகள் செறியும் எனக் கணித்தனர். வேறுகோணத்தில் வெட்டினால் அவ்வாறு செறிவதில்லை. ஆகவே அது வெட்டின் வடிவைச் சார்ந்தது. கேன், மெலி கூறியது வெட்டினைச் சாராதது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் அரிந்தம் கோஷ் குழுவினர், கிராபீனை அணுவளவு தொடுமுனையாகும் வரை இழுத்துப் பிரிக்கும்பொழுது கடத்துதிறன் படிபடியாக மாறுதலைக் கண்டு, அஃது ஓரத்து ஓட்டத்தின் விளைவென 2017இல் வெளியிட்டனர். ஓரநிலை என்னும் ஒரே பெயரின் கீழ் இவ்வாறு வேறுபட்ட இனங்கள் அடங்குதலை மாணவர் உளங்கொள்ளுதல் நலம்.

இவ்வாராய்ச்சியின் பயன் யாது எனின், இன்றைய கணிப்பொறிகளில் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகி வீணாதல் யாவரும் அறிந்ததே. திரும்பாத ஓட்டத்தில் அவ்விழப்புக் குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆயின் நீண்ட ஓரங்களில் ஓட்டம் இன்னும் முழுத்தூய்மையுடன் நிலைபெறவில்லை; குறுகிய தொலைவிலேயே அது செவ்வனே காணப்படுகின்றது.

6. சொல்லாய்வு

பொருள் விளங்கியபின் சொல்லுக்கு வருவோம். 1916இலேயே சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனக் கழகம் நிறுவி இதழ் நடத்தினர் என்பதனை ஈண்டு நினைவு கூர்தல் தகும். அவர் காலத்தும் நம் காலத்தும் இடர் ஒன்றே: சொல்லின் உறுப்புகளை மட்டும் பெயர்த்தால் போதுமா என்பது.

அகத்தின் எண் ஓரத்தின் ஓட்டத்தை உறுதிசெய்யும் என்னும் கோட்பாட்டிற்குப் பெயர் வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல், வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாகவும், வஞ்சியை முல்லைக்குப் புறனாகவும், இவ்வாறே ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்கு இயைத்துக் கூறுகின்றது. புறம் தானே தோன்றியதன்று, தன் அகத்தோடு இயைந்து நிற்பது என்னும் அம்முறை நமக்குக் கைவந்தது. எனவே இக்கோட்பாட்டை ‘அகம் புறம் இயைபு’ எனலாம். ‘அகப்புறம்’ எனத் தொகுத்தல் ஆகாது. அது பிற்கால இலக்கண நூல்களில் வேறு பொருள் பெற்றுவிட்டது. இவ்வொப்புமையைக் கொண்டு நம் முன்னோர் எதிர்மின்னியை அறிந்திருந்தனர் என்று கூறுவது பெருந்தவறு. சொல்வளம் வேறு, அறிவியற் கண்டுபிடிப்பு வேறு.

வடிவம் நெகிழினும் மாறாதவற்றை ஆராயும் கணிதத்துறை தமிழில் இடத்தியல் எனவும் இடவியல் எனவும் வழங்குகின்றது. கிரேக்கச் சொல்லின் உறுப்பைப் பெயர்த்ததால் வந்தது இது. அத்துறையோ இடமும் அளவும் மாறினும் மாறாததையே நாடுவது. பொருளொடு பொருந்தாதெனினும் வழக்கில் ஊன்றிவிட்டமையின் இடத்தியல் என்பதனையே கொண்டு, அதன் கருப்பொருளைச் சுற்றெண் என்னும் சொல்லால் விளக்குதல் சாலும்.

இறுதியாக, ஓரத்து நிலையைக் குறிக்கும் சொல். ‘ஓரநிலை’ எனின், ஓரம் என்பதற்கு நடுவுநிலை தவறுதல் என்னும் பொருளும் உண்டு. ஓரஞ்சொல்லுதல் என்னும் வழக்கைக் காண்க. ‘கரைநிலை’ எனின், ஆற்றில் ஓடுவது நீர், நிற்பது கரை என்பதனால் பொருள் தலைகீழாகும். ‘விளிம்புநிலை’ மேற்கூறியவாறு திறனாய்வில் வேரூன்றியது. அதனை மீட்டெடுத்தல் எளிதன்று, வேண்டுவதும் அன்று. ஈண்டுச் சிறப்புடையது விளிம்பு என்னும் இடமன்று. அதில் நிகழும் ஓட்டமே. ஆகவே ‘விளிம்போட்டம்’ எனவும், அதற்குரிய நிலையை ‘விளிம்போட்ட நிலை’ எனவும் வழங்குதல் தக்கது என்பது எம் கருத்து. ஓட்டமின்றி எதிர்மின்னி செறிந்து மட்டும் நிற்கும் ஜப்பானியர் கணித்த இனத்தை ‘விளிம்புச் செறிவு’ எனப் பிரித்துக் கூறலாம். இவ்விரு சொற்களும் இருவேறு பொருளை இருவேறாகவே உணர்த்தும். இயற்பியல் பயில்வோர் இவற்றைத் தம் பாடத்தில் இட்டு ஆராய்ந்து, பொருந்தாத இடம் உளதாயின் அதனைச் சுட்டுவார்களாக; சொல்லைத் திருத்துதல் எளிது, தவறாக ஊன்றிய கருத்தைப் பெயர்த்தல் அரிது.